உறுப்பினர்களுக்கு மட்டும்

அத்தியாயம் 12

பாவ அறிக்கை சொல்லும் நேரம் வந்தபோது ஹெப்சிபா மற்றவர்களோடு சேர்ந்து முழங்கால்படியிட்டாள். சபை முழுவதும் ஒரே குரலில் அறிக்கை செய்தது. எல்லோரும் சேர்ந்து சொல்வதில் ஒரு வசதி இருந்தது. செய்தது இன்னதென்று யாரும் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. நாற்பத்தாறு வயதுவரை அந்த வசதியை அவள் கவனித்ததில்லை. இந்த ஒன்பது நாட்களாகத்தான் கவனிக்கிறாள்.

பக்கத்தில் ரூத் கண்களை இறுக மூடியிருந்தாள். பதினாறு வயதிலும் ஜெபத்தில் கண்ணைத் திறந்து பார்க்காத பெண்.

சென்ற வெள்ளிக்கு முந்திய வெள்ளி மாலை, ஃபோனில் ஒரு பெயரைப் பார்த்துவிட்டு, மாவு பாதி அரைபடும்போதே கிரைண்டரை நிறுத்திய ஹெப்சிபாவை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். சூரியபிரகாஷ், பேரையூர். சதுரங்கச் சங்கத்தின் இணைய மன்றத்தில் உறுப்பினராகச் சேர்த்துக்கொள்ளும்படி ஒரு விண்ணப்பம். 'எதற்காகச் சேர விரும்புகிறீர்கள்' என்ற கட்டத்தில் ஒரே ஒரு சொல் இருந்தது: படிக்க.

மன்றத்தைக் கவனித்துக்கொள்வது அவள்தான். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். சங்கத்தில் சம்பளமில்லாத காவல்காரி. மன்றத்தில் இரண்டு பகுதிகள். வெளிப்பகுதியை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். போட்டித் தேதியும் முடிவுகளும் இருக்கும். உள்பகுதி உறுப்பினர்களுக்கு மட்டும். பெற்றோர்கள், பயிற்சியாளர்கள், நடுவர்கள் அங்கே பேசிக்கொள்வார்கள். மூன்று வருடத்துக்கு முன் அப்படி ஒன்று வேண்டுமென்று கேட்டு வாங்கியவளும் அவள்தான். பிள்ளைகளின் புகைப்படமும் ஃபோன் நம்பரும் ஊருக்கே தெரியக் கிடக்க வேண்டாம் என்று காரணம் சொன்னாள். நல்ல காரணம். இன்றைக்கும் நல்ல காரணம்தான்.

ஆனால் கதவை மூடியபின் அங்கே வேறு பேச்சுகளும் நடந்தன. ஒன்றை அவளே பேசினாள்.

இரண்டு வருடம் முன்பு, பதினைந்து வயதுக்குட்பட்ட பெண்கள் போட்டி. கடைசிச் சுற்றில் ஜெயிக்க வேண்டிய ஆட்டத்தை ரூத் தோற்றாள். எதிரில் ஆடியது பேரையூரிலிருந்து வந்த திவ்யா, சூரியபிரகாஷின் மகள், பதிமூன்று வயதுப் பெண். வீடு திரும்பிய ஹெப்சிபா செருப்பைக்கூடக் கழற்றாமல் கூடத்தில் நின்றபடியே எழுதினாள்.

'கடைசிச் சுற்றில் என் மகளோடு ஆடிய பேரையூர்ப் பெண் ஒரு மணி நேரத்தில் ஐந்து முறை கழிப்பறைக்குப் போய் வந்தாள். ஒவ்வொரு முறையும் திரும்பியதும் நல்ல நகர்த்தல். நான் யாரையும் குற்றம் சொல்லவில்லை. நடுவர்கள் கவனித்தால் நல்லது.'

கழிப்பறையில் செல்லை ஒளித்துவைத்து, கம்ப்யூட்டர் சொல்லும் நகர்த்தலைப் பார்த்துவந்து ஆடுகிறவர்கள் உண்டு. அவள் எழுதியதற்கு என்ன அர்த்தம் என்று உள்ளே இருந்த அத்தனை பேருக்கும் புரிந்தது. பதினோரு பதில்கள் வந்தன. கடைசியாகச் சங்கத் தலைவர் ராயப்பன் சார் எழுதினார்: 'கவனிக்கச் சொல்லியாச்சு. வெளியே பேச வேண்டாம்.' அந்தப் பதிலுக்கு அவள் ஓர் இதயத்தை அழுத்தினாள். அது இன்னும் அங்கே சிவப்பாக இருக்கிறது.

அடுத்த போட்டியில், பெற்றோர் பெஞ்சில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தபோது, பெண் நடுவர் ஒருவர் திவ்யாவின் பின்னாலேயே கழிப்பறை வாசல்வரை போய் நிற்பதைப் பார்த்தாள். பார்த்துவிட்டு அடுத்த கடலையை உரித்தாள். அதற்குப்பின் வந்த ஒரு போட்டியோடு திவ்யா காணாமல் போனாள். திவ்யா ஏன் வரவில்லை என்று ரூத் கேட்டபோது, அந்தப் பக்கமெல்லாம் வயசுக்கு வந்துவிட்டால் அனுப்ப மாட்டார்கள் என்று பதில் சொன்னாள். யாரிடமும் விசாரித்துச் சொன்னதல்ல. சொல்ல வசதியாக இருந்தது, அவ்வளவுதான்.

விண்ணப்பம் வந்து பத்து நாளுக்குள் அனுமதிக்க வேண்டும், மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். அதுவும் அவள் எழுதிய விதி. நாளையோடு பத்து நாள்.

இன்று மூன்று மணிக்குச் சங்கப் பொதுக்குழு. உள்பகுதி இருக்கலாமா, எல்லாவற்றையும் திறந்துவிடலாமா என்று ஓட்டு. இருக்க வேண்டும் என்று முதலில் பேசப்போவது ஹெப்சிபா.

*

நரிமேட்டு வீட்டில் ஞாயிற்றுக்கிழமைக் கறிக்குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. ரூத் தன் அறையில் பலகையை விரித்திருந்தாள். ஹெப்சிபா சமையலறையில் கணவனிடம் முதல்முறையாகச் சொன்னாள். ஆல்பின் ஒரு கல்லூரி அலுவலகத்தில் கண்காணிப்பாளர். எந்தச் சிக்கலையும் கோப்பாகப் பார்த்துப் பழகியவர். அவள் நீட்டிய ஃபோனை வாங்கிப் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு இன்னொரு முறை படித்தார்.

"அழிச்சிரு ஹெப்சி" என்றார். "அழிச்சிட்டு அந்த மனுசனைச் சேத்துக்க. முடிஞ்சது."

"என்னோடதை மட்டும் அழிச்சா கீழ பதினோரு பதில் நிக்கும்."

"மொத்தத்தையும் எடு. உனக்குத்தான அதிகாரம் இருக்கு."

அதுதான் அவளை ஒன்பது நாளாகத் தின்றது. தன் தப்பை மறைக்கும் சாவியையும் ஊர் தன் கையிலேயே கொடுத்து வைத்திருந்தது. டீச்சர் என்ற நம்பிக்கையில் கொடுத்தது.

அந்த மனிதர் தேடினால் எவ்வளவு நேரத்தில் கிடைக்கும் என்று அவளே பார்த்துவிட்டாள். 'பேரையூர்' என்று தட்டினால் உள்பகுதியில் ஒரே ஒரு இழைதான், அவள் தொடங்கிவைத்த அந்தப் பேச்சுத் தொடர்தான் வந்தது.

ஆல்பின் குரலைத் தாழ்த்தினார். "யார் படிச்சாலும் சரி. ரூத்துக்குத் தெரிய வேணாம்."

ஹெப்சிபாவின் மனமும் அந்த இடத்தில்தான் நின்றது. பேரையூர்க்காரர் படிப்பார், கோபப்படுவார், இரண்டு வார்த்தை திட்டுவார். தாங்கிக்கொள்ளலாம். ரூத் படித்தால்? தோற்றவுடன் எழுந்து கைகொடுத்துவிட்டு, எதிராளியோடு உட்கார்ந்து எங்கே தப்பு விட்டேன் என்று ஆட்டத்தைத் திரும்ப ஆடிப் பார்க்கிற பெண் ரூத். அன்றும் திவ்யாவோடு அப்படித்தான் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சிரிப்பைத் தாண்டிப் போய்த்தான் ஹெப்சிபா இதை எழுதினாள்.

ரூத் வந்து கரண்டியால் குழம்பை எடுத்து உள்ளங்கையில் விட்டு ருசி பார்த்தாள். தானும் கூட்டத்துக்கு வருவதாகச் சொன்னாள். பயிற்சி முகாம் தேதியைக்கூட உள்ளே போட்டுப் பூட்டிவைத்தால் வெளியூர்ப் பிள்ளைகள் எப்படி வருவார்கள் என்று அப்பாவிடம் நியாயம் கேட்டாள்.

"நீ சேஃப்டி சேஃப்டின்னு பேசுவ. நான் கை தட்டுறேம்மா" என்றாள். "எனக்கு ஓட்டு இல்ல. தப்பிச்சம்மா நீ."

எதைச் சொன்னாலும் கடைசியில் ஓர் 'அம்மா' சேர்த்துவிடுவது ரூத்தின் பழக்கம். சண்டையிலும் அது தவறாது.

*

கே.கே. நகரில் ஒரு டியூஷன் சென்டரின் மாடி. முப்பது உறுப்பினர்கள் பள்ளிக்கூட பெஞ்சுகளில் காலை மடக்க இடமில்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். கடைசி பெஞ்சில் வெள்ளைச் சட்டையில் ஒருவர். சூரியபிரகாஷ் என்று பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. பேரையூரில் மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் சுற்றும் கடை வைத்திருப்பவர். விரல் நுனிகளில் வார்னிஷ் கறை. உறுப்பினர் அல்லாதவர்கள் உட்கார்ந்து கேட்கலாம், ஓட்டுப் போட முடியாது.

ஹெப்சிபா பேசினாள். பிள்ளைகளின் படங்கள், பள்ளிக்கூடப் பெயர்கள், முன்பின் தெரியாதவர்கள் அனுப்பிய செய்திகள். வகுப்பில் பேசிப் பழகிய குரல் தானாகவே போனது. தான் சொல்வது ஒவ்வொன்றும் உண்மை என்பதுதான் அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. உண்மைகளை இப்படி வரிசையாக அடுக்கி அதன் பின்னால் ஒரு ஆள் ஒளிந்துகொள்ளலாம்.

ரூத் சொன்னபடி கை தட்டினாள்.

பல் மருத்துவர் இசைவாணி எழுந்து அதையே ஆதரித்தாள். தன் மகளின் படத்தை எவனோ எடுத்து வேறெங்கோ போட்டதையும், அதை நீக்க நான்கு மாதம் அலைந்ததையும் சொன்னாள். கீழக்குயில்குடியில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் அழகுபாண்டி மறுத்தார்.

"படத்தை உள்ள வைங்க, நம்பரை உள்ள வைங்க. யாரு வேணாங்குறா? ஆனா உள்ள போனதும் எல்லாரும் எல்லாத்தையும் உள்ளயே பேசுறோம்ல? வெளிய ஒரு போர்டு மட்டும் தொங்குது, கடை உள்ள நடக்குது."

சிலர் சிரித்தார்கள். அப்போது கடைசி பெஞ்சுக்காரர் எழுந்தார். தலைவரிடம் பேசலாமா என்று கேட்டுக்கொண்டார்.

"ஐயா, எனக்கு இதுல ஒண்ணும் தெரியாது. எம் மக ஆடும், நான் கூட்டிட்டு வருவேன், அம்புட்டுதான். ரெண்டு வருசம் முன்ன ஒரு போட்டியில எம் பிள்ளை ஜெயிச்சுச்சு. அதுக்கடுத்து வந்த போட்டியில அது ஒண்ணுக்குப் போனா ஒரு அம்மா பின்னாலயே போய் வாசல்ல நின்னாங்க. மத்த பிள்ளைக போறப்ப நிக்கல. நான் பாத்துக்கிட்டே இருந்தேன். கேட்டேன். விதிங்கன்னாங்க."

அவர் குரலில் கோபம் இல்லை. கரண்ட் ஆபீசில் மீட்டர் விவரம் கேட்பவர்போல நிதானமாகக் கேட்டார்.

"அடுத்த போட்டிக்குப் பிள்ளை காலையிலருந்து தண்ணியே குடிக்கல. பஸ்ல வர்றப்ப பாட்டிலைத் தொடல. சாயங்காலம் வரைக்கும் உதடு காஞ்சு உக்காந்திருந்துச்சு. ஏன் ஆத்தான்னு கேட்டா, போனாத்தானப்பா வந்து நிப்பாங்கன்னுச்சு. அதோட சரி. இப்ப செல்லுல தனியா ஆடுது. பலகையைத் தொடுறதில்ல."

யாரோ பெஞ்சில் அசைந்தார்கள்.

"அந்த விதி எங்க எழுதியிருக்குன்னு தேடுனேன். வெளிய இல்ல. உள்ள இருக்கும்போலன்னு சேரணும்னு எழுதிப் போட்டேன். படிச்சுட்டு, என் பிள்ளை என்ன தப்புச் செஞ்சதுன்னு அதுகிட்டச் சொல்லணும். இல்லைன்னா நீ ஒண்ணும் செய்யலன்னு சொல்லணும். ரெண்டுல ஒண்ணு."

உட்கார்ந்துவிட்டார்.

ராயப்பன் சார் வருகைப் பதிவேட்டைப் புரட்டினார். அதில் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. பிறகு நிமிர்ந்து, ஹெப்சிபாவைப் பார்த்து, மன்றம் டீச்சர் பொறுப்பில்தானே இருக்கிறது, அப்படி ஏதாவது உள்ளே உண்டா என்று கேட்டார். 'கவனிக்கச் சொல்லியாச்சு' என்று எழுதிய அதே மனிதர்.

அறை முழுவதும் திரும்பிப் பார்த்தது. அவர்களில் ஆறேழு பேர் அந்த இழையில் பதில் எழுதியவர்கள். அவர்கள் கண்களில் அவள் கண்டது பயம். அந்தப் பயம் அவளோடு உறவு கொண்டாடியது. நீ எங்கள் ஆள், காட்டிக்கொடுக்க மாட்டாய் என்றது.

"பாத்துச் சொல்றேன் சார்" என்றாள்.

சொன்ன பிறகுதான் தன் குரல் கேட்டது. வகுப்பில் வீட்டுப்பாடம் செய்யாத பிள்ளை நோட்டைத் தேடுவதுபோல ஒரு குரல். கடைசி பெஞ்சுக்காரர் அங்கிருந்தே கும்பிட்டு, "சரிங்க டீச்சர்" என்றார். நம்பிவிட்டார். அந்தக் கும்பிடுக்கு அவள் பதில் கும்பிடும் போட்டாள்.

கை தூக்கி ஓட்டு நடந்தது. உள்பகுதி இருக்கட்டும் என்று பத்தொன்பது பேர், வேண்டாம் என்று பதினொரு பேர். ஹெப்சிபா ஜெயித்துவிட்டாள். கதவு மூடியே இருக்கும். அவள் அனுமதித்தால் ஒழிய அந்த மனிதர் உள்ளே வர முடியாது.

படியிறங்கும்போது ராயப்பன் சார் பக்கத்தில் வந்தார். பழசெல்லாம் எதற்கு, சுத்தம் செய்துவிட்டுப் புதியவர்களைச் சேர்த்தால் நல்லது என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். "நான் ஒண்ணும் சொல்லல டீச்சர். உங்க இஷ்டம்" என்று சேர்த்துக்கொண்டார்.

*

முகம் பார்க்காமல் பேச ஸ்கூட்டரைப்போல வசதியான இடம் இல்லை. ரூத் பின்னால் உட்கார்ந்திருந்தாள். காந்தி மியூசியம் தாண்டிச் சிக்னலில் வண்டி நின்றதும் அவள் மோவாய் அம்மாவின் தோளில் வந்து ஊன்றியது.

"அம்மா. அன்னைக்குத் திவ்யா பாத்ரூம் போனது எதுக்குன்னு எனக்குத் தெரியும்மா."

ஹெப்சிபா திரும்பவில்லை.

"ஆட்டம் நடுவுல நானும் போனேன். உள்ள அழுதுக்கிட்டு நின்னா. அவளுக்கு அன்னைக்குத்தாம்மா முதல் தடவை. அவங்க அப்பா மட்டும்தான் கூட வந்திருந்தாரு, அவர்கிட்ட எப்படிச் சொல்லுவா? என் பேக்ல நீ வச்சுவிடுவியே, அந்தப் பாக்கெட்டை எடுத்துட்டு வந்து குடுத்தேன். எப்படி வைக்கணும்னு சொல்லிக்குடுத்தேன். பாவாடையில பட்டிருக்குமோன்னு பயந்து பயந்து எந்திரிச்சுப் போய்ப் பாத்துட்டு வந்தாம்மா. அவ்வளவுதான். யார்கிட்டயும் சொல்லாதன்னு கையைப் பிடிச்சுக்கிட்டா. அதான் உங்கிட்டகூடச் சொல்லல."

சிக்னல் பச்சையானது. பின்னால் ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார். ஹெப்சிபாவுக்கு வண்டியைக் கிளப்ப எதைத் திருக வேண்டும் என்பது ஒரு நிமிடம் நினைவுக்கு வரவில்லை.

பேக்கில் பாக்கெட் வைத்தது அவள். 'போட்டி இடத்தில் கஷ்டப்படக் கூடாது' என்று, பக்கவாட்டுப் பையில், கைக்குட்டைக்கு அடியில். அன்று வீட்டில் அந்தப் பையைத் துவைக்கப் போடும்போது பாக்கெட் இல்லாததைக்கூடக் கவனித்தாள். ரூத்துக்குத் தேவைப்பட்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

"யாரோ உள்ள எழுதியிருக்காங்கம்மா" என்றாள் ரூத். "இல்லைன்னா அவ பின்னால மட்டும் ஏன் நிக்கணும்? நீதான ஃபோரம் பாக்குற. யாருன்னு கண்டுபிடிக்கலாம்லம்மா?"

"வீட்ல போய்ப் பேசுவோம்" என்றாள்.

*

வீட்டில் ஆல்பின் கதவைத் திறந்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்ததும் எதுவும் கேட்காமல் விலகிக்கொண்டார். ரூத் உடை மாற்றப் போனாள். ஹெப்சிபா சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து அந்த இழையைத் திறந்தாள்.

மொத்தத்தையும் நீக்கு என்ற பொத்தான் வலது மூலையில் இருந்தது. அதைத் தொடாமல், கீழே பதில் எழுதும் கட்டத்துக்குப் போனாள். மன்னிப்பு என்று ஒன்று எழுதிவிட்டு அனுமதிக்கலாம். 'அன்று என் மகள் தோற்ற வருத்தத்தில்' என்று தொடங்கினாள். அழித்தாள். 'ஒரு தாயாக' என்று தொடங்கினாள். அதையும் அழித்தாள். எப்படித் தொடங்கினாலும் முதல் வரியிலேயே ரூத்தைப் பிடித்து முன்னால் நிறுத்துகிறாள். ஐந்தாவது முறை கட்டத்தைக் காலியாக விட்டாள்.

விண்ணப்பப் பக்கத்துக்குப் போனாள். சூரியபிரகாஷ், பேரையூர். படிக்க. அனுமதி என்பதை அழுத்தினாள். இரண்டு வருடத்தில் அவள் செய்த ஒரே நேர்மையான காரியம் ஒரு வினாடிகூட எடுக்கவில்லை.

பிறகு இழைக்கே திரும்பி வந்து காத்திருந்தாள். ஒவ்வொரு இழையின் அடியிலும் 'இப்போது படிப்பவர்கள்' என்று பெயர்கள் தெரியும். யார் பார்க்கிறார்கள் என்று தெரிந்தால் மனிதர்கள் ஒழுங்காக எழுதுவார்கள் என்று அவள்தான் அதை வைக்கச் சொன்னாள். இப்போது அங்கே ஹெப்சிபா என்று ஒரு பெயர் மட்டும் இருந்தது.

வாசலில் பூக்காரியின் குரல் வந்து போனது. ஆல்பின் காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு நின்றார். அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

ஹெப்சிபா, சூரியபிரகாஷ்.

பஸ்ஸில் இருப்பார். திருமங்கலம் தாண்டியிருக்காது. அவள் எழுதியது நாலு வரி. படிக்க அரை நிமிடம் ஆகாது. ஒரு நிமிடம் ஆயிற்று. மூன்று நிமிடம் ஆயிற்று. அந்தப் பெயர் அவள் பெயருக்குப் பக்கத்திலேயே இருந்தது.

"யாருன்னு பாத்தியாம்மா?"

ரூத் பின்னால் வந்து நின்றிருந்தாள். ஆல்பின் மகளின் தோளில் கைவைத்து, அம்மா களைப்பாக இருக்கிறாள் என்று ஏதோ தொடங்கினார். திரையை அணைக்க ஒரு விரல் போதும். ஹெப்சிபா ஃபோனைத் திருப்பி மகளிடம் நீட்டினாள்.

ரூத் வாங்கிக்கொண்டாள். படிக்கத் தொடங்கும்போது அவள் முகத்தில் ஆவல் மட்டும்தான் இருந்தது. முதல் வரியில் 'என் மகளோடு' என்ற இடத்தில் விழிகள் நின்றன. மேலே போய்ப் பெயரைப் பார்த்தன. மறுபடி கீழே வந்தன. அந்த முகம் மாறுவதைத் தலைகுனியாமல் பார்க்க வேண்டியது தன் கடன் என்று ஹெப்சிபாவுக்குத் தோன்றியது. பார்த்தாள்.

ரூத்தின் கையிலேயே ஃபோன் அடிக்கத் தொடங்கியது. பெயரில்லாத எண். மன்றப் பொறுப்பாளரின் நம்பர் உறுப்பினர் எல்லோருக்கும் தெரியும்படி உள்ளே முதல் பக்கத்திலேயே இருக்கிறது.

நான்கு முறை அடித்தது. பிறகு ரூத் ஃபோனை மேசைமேல் வைத்து, ஒரு காயை நகர்த்துவதுபோல இரண்டு விரலால் அம்மாவின் பக்கம் தள்ளினாள்.

"நீதான் எடுக்கணும்" என்றாள்.

அந்த வாக்கியத்தின் முடிவில் வழக்கமான சொல் இல்லை.